ஜிப் போட்டும் இளைக்கலையே!

கல்யாண போட்டோக்களை ஜிப் போட்டேன். 2 ஜிபி அப்படியே 2 ஜிபியாகத்தான் நிற்கிறது. ஏன் சார்?

கரும்புச் சக்கையை மறுபடி மெஷினில் விட்டால் சாறு வருமா? ஜேபெக் படம் கேமராவிலேயே பிழியப்பட்டுத்தான் வெளியே வருகிறது. பெரிய எழுத்துக் கோப்பைப் போட்டுப் பாருங்கள், பாதிக்கும் கீழே இறங்கும். நாம் சொன்னதையே திரும்பச் சொல்லுகிற ஜாதி. ஜிப் அதை மறுபடி எழுதாது. 'இத்தனை எழுத்து பின்னால் போய்ப் பார்' என்று ஒரு குறிப்பு வைத்துவிட்டு நகர்ந்துவிடும். 1989-ல் ஃபில் காட்ஸ் கொண்டுவந்த வடிவம் இது.

அப்போ போட்டோவுக்கு ஜிப் வீண்தானா?

மூட்டை கட்டினால் எடை குறையாது. தூக்கச் சுலபம்.

எழுத்து பொடிசாக இருக்கிறதே என்று ரெசல்யூஷனைக் குறைத்தேன். எழுத்து பெரிசாச்சு, ஆனால் எல்லாம் மங்கல். கண்ணாடி மாற்றணுமா?

கண் டாக்டருக்கு முன்னால் டிஸ்ப்ளே செட்டிங்ஸைப் பாருங்கள். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். வைத்த கோலப்புள்ளி நகருமா? அளவைக் குறைத்தால், ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியில் நிரப்பத் திரை திணறும். ரெசல்யூஷனைப் பழையபடி விட்டுவிட்டு, ஸ்கேலை மட்டும் 125% ஆக்குங்கள். என் மாமனார் 175-ல் வைத்திருக்கிறார். அவர் மெயிலை எதிர்வீட்டுக்காரர் படித்துச் சொல்கிறார்.