வீல்சேரைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். ஆர்லாண்டோ டிஸ்னிக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான். எனக்குத் தீராத இடுப்புவலி. "நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அந்த வாசலுக்குப் போகவே தெம்பு வேண்டும், அம்மா! டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் கார் நிறுத்துமிடம் ஏரிக்கு இந்தப் பக்கம், பூங்கா அந்தப் பக்கம். மோனோ ரயிலோ படகோ பிடித்துத்தான் நுழைவாயிலுக்குப் போக வேண்டும். அங்கே இன்னொரு பூங்காவான எப்காட்டில் 11 நாடுகளின் அரங்குகள் ஓர் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. ஒரு சுற்று ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ராட்டினத்தில் ஏறுமுன்பே நடையும் வரிசையும் இடுப்பை ஒரு வழி பண்ணிவிடும். அதனால் முதல் வேலையாக, நுழைவாயில் பக்கத்திலேயே வீல்சேர் வாடகைக்கு எடுங்கள். முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே முதலில். காலையிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: வீல்சேரில் உட்கார வெட்கமாக இருக்கிறதே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: விமான நிலையத்தில் மகனோ மகளோ பதிவு செய்துவைத்த வீல்சேரில் உட்கார்ந்துதானே நம்மில் பலர் அமெரிக்காவில் இறங்குகிறோம்? அங்கே வராத வெட்கம் இங்கே எதற்கு?

கேள்வி: நடக்க முடிகிறவர் வீல்சேரில் போவது ஏமாற்று வேலை இல்லையா? (வாசகர், கரூர்)

பதில்: பத்து நிமிடம் நடக்க முடிவதும் பத்து மணி நேரம் நடக்க முடிவதும் ஒன்றா? நாள்பட்ட முதுகுவலி பல பேருக்கு எக்ஸ்ரேயிலேயே தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? வீல்சேரிலிருந்து எழுந்து நாலு அடி நடப்பவரைப் பார்த்துச் சந்தேகப்படுவதை நாம் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: வீல்சேரில் போனால் வரிசையில் முன்னால் விடுவார்களாமே? (வாசகர், மதுரை)

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. வசதியானவர்கள் சிலர், மாற்றுத்திறனாளிகளைக் காசு கொடுத்துக் கூட அழைத்துவந்து வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று புகார் கிளம்பிய பிறகு, 2013 அக்டோபரில் டிஸ்னி பழைய முறையை நிறுத்தியது. அதற்குப் பதிலாக வந்த சலுகையையும் 2024-இல் இறுக்கிவிட்டார்கள். இப்போது அது பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான். முதுகுவலிக்காரர் வீல்சேரோடு பொது வரிசையில்தான் போக வேண்டும். பெரும்பாலான வரிசைகள் அதற்கு ஏற்ற அகலத்தில் இருக்கின்றன. காத்திருப்பைக் குறைக்க 'லைட்னிங் லேன்' உண்டு, ஆனால் அதற்குத் தனிக் கட்டணம். வலியால் நிற்க முடியாதவர் கூடுதல் காசு கொடுத்தால்தான் சீக்கிரம் போகலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: எதில் ஏறலாம், எதில் ஏறக் கூடாது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பெயரையும் உயரத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிளிமஞ்சாரோ சஃபாரி என்றால் சாந்தமாக மான், ஒட்டகச்சிவிங்கி பார்க்கும் பயணம் என்று நினைப்போம். வீல்சேரோடே ஏற வசதியும் இருக்கிறது. ஆனால் மேடும் பள்ளமுமாகவே போட்ட பாதை அது. டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டு மாதிரி தூக்கிப் போடும். மாறாக, 'ஸோரின்' என்ற சவாரி உங்களை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போகும், ஆனால் குலுக்காது. வீல்சேரிலிருந்து இருக்கைக்கு மாறிக்கொள்ள முடிந்தால் போதும்.

ஸ்பேஸ் மவுன்டன் ரோலர் கோஸ்டர் வேண்டவே வேண்டாம். இருட்டில் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று தெரியாது, உடம்பு முன்கூட்டித் தயாராக வழியில்லை. இருக்கையும் மிகத் தாழ்வு, எழுந்து வெளியே வருவதே பெரும்பாடு. 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகில் வீல்சேரோடே ஏறலாம். 'கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்' சுமார் 20 நிமிடம் அரங்கத்தோடு உங்களையும் மெல்லச் சுற்றிக்காட்டும், வீல்சேரை விட்டு இறங்க வேண்டாம். எலும்பு மெலிவு உள்ளவர்களும் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் எந்த ரோலர் கோஸ்டரிலும் ஏற வேண்டாம்.

கேள்வி: நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் முதுகுக்கு நல்லதுதானே? (வாசகர், சேலம்)

பதில்: எந்த முதுகு என்பதைப் பொறுத்தது. தண்டுவடப் பாதை சுருங்கியவர்களுக்கு நிற்கவும் நடக்கவும்தான் வலி. உட்கார்ந்தாலோ, முன்னால் சாய்ந்தாலோ குறையும். டிஸ்க் பிதுங்கியவர்களில் பலருக்கு நேர்மாறு, உட்கார உட்கார வலி ஏறும். அவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, வீல்சேரைத் தாங்களே தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடக்கட்டும். இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணையும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டால்? (வாசகர், ஈரோடு)

பதில்: கூடாது. 'நிறுத்து' என்று சொல்லும் ஒரே குரலை அடக்கிவிட்டு ஏறுகிறீர்கள். கணக்கை மறுநாள் காலை படுக்கை சொல்லும்.

கேள்வி: எல்லோரும் ஏறக்கூடிய பூங்கா உலகத்தில் எங்காவது உண்டா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: உண்டு. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்'. கார்டன் ஹார்ட்மன் என்பவர் மாற்றுத்திறனாளியான தம் மகள் மார்கனை மனத்தில் வைத்து 2010-இல் திறந்தார். அங்கே குடை ராட்டினத்திலும் வீல்சேரோடே ஏறலாம். 2017-இல் நீர்ப் பூங்காவும் வந்தது. அங்கே, காற்றழுத்தத்தில் ஓடும், நனைந்தாலும் கெடாத வீல்சேர்கள் தருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. மனமிருந்தால் முடியும் என்பதை ஒரு தகப்பன் கட்டியே காட்டிவிட்டார்.

கேள்வி: நம் ஊரில்? (வாசகர், சென்னை)

பதில்: மெரினாவில் 2022 நவம்பரில் வீல்சேர் போகக் கடலை நோக்கி 263 மீட்டர் மரப்பாதை போட்டார்கள். மறு மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, சரிசெய்தார்கள். வீல்சேரில் வந்தவர்கள் அலையைப் பக்கத்தில் பார்த்து முகம் மலர்ந்ததே, அதற்கு ஈடு எது? பூங்காக்களிலும் இந்த வசதியைக் கேட்கலாம்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் கட்டுப்படுத்தும். அணுகல் வசதி வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அடுத்த முறை எந்தப் பூங்காவுக்குப் போனாலும் டிக்கெட் கவுன்ட்டரில் "வீல்சேர் இருக்கிறதா, சாய்தளம் எங்கே?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் தேவைப்படாவிட்டாலும் கேளுங்கள். இல்லை என்றால் புகார் புத்தகத்தை வாங்கி எழுதிவிட்டு வாருங்கள்.