கைராசிக்காரர்

விசா அண்ணைக்கு அலுவலகம் கிடையாது. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கோப்பிக்கடை. அதில் சுவரோரமாக, போனுக்குச் சார்ஜ் ஏற்ற வசதியுள்ள ஒரு மேசை. பக்கத்துக் கதிரையில் வீங்கிப்போன தோல்பை, மேசையில் இரண்டு போன், எப்போதும் பாதி குடித்த கோப்பி. கதவு திறந்தால் போதும், வருகிறவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, ஒரே கேள்விதான்: “என்ன தம்பி, அம்மாவின்ர அலுவல் என்னமாதிரி?” ஸ்காபரோவில் தமிழராகப் பிறந்த எவருக்கும் அம்மாவோ மாமியோ மச்சானோ ஒருவருடைய அலுவல் இழுபடாமல் இருக்காது. ஆகவே அந்தக் கேள்வி குறி தப்பியதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எல்லாருடைய போனிலும் அவர் ‘விசா அண்ணை’தான். காகிதத்தில் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய தொழில் நுணுக்கம். விண்ணப்பத்தை அவர் நிரப்புவார். கையெழுத்து நீங்கள் வைக்க வேண்டும். உங்களுக்காக வேறொருவர் அலுவல் பார்த்தால், காசுக்கோ சும்மாவோ, அவர் யார் என்று தெரிவிக்க ஐஎம்எம் 5476 என்றொரு படிவம் இருக்கிறது. அது கண்ணில் பட்டதும் அவர் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் உங்களிடம் வாங்க வேண்டிய காசின் கணக்கை எழுதுவார். “உது தேவையில்லாத பேப்பர். போட்டால் அவையள் சந்தேகப்படுவினம்.” காசை உறையில் வைத்துத்தான் வாங்குவார். ரசீது கேட்டால் முகம் வாடிவிடும். “நானும் உங்கட குடும்பத்தில ஒருத்தன் எல்லோ?”

இதில் பாதிச் சட்டம் உண்டு. காசு வாங்காமல் உதவுகிற உறவினருக்கும் நண்பருக்கும் கனடாவில் லைசென்ஸ் தேவையில்லை. காசு வாங்கினால் அவர் குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் லைசென்ஸ் பெற்றவராக இருக்க வேண்டும். இல்லையேல் சட்டத்தரணி, ஒன்றாரியோவில் பராலீகல், கியூபெக்கில் நொத்தாரிஸ். இவர்கள் தவிர்ந்த எவர் காசுக்கு ஆலோசனை சொன்னாலும் குடிவரவுச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி குற்றம். 2 லட்சம் டொலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, சிலவேளை இரண்டும். விசா அண்ணைக்கு முதல் பாதி மனப்பாடம்.

அரசாங்கம் அவரை ஒழுங்குபடுத்த முயலாமல் இல்லை. 2004இல் ஆலோசகர்களுக்கென்று ஒரு தலைச்சங்கம் வைத்தது. அது சரிவரவில்லை என்று 2011இல் இடைச்சங்கம். அதுவும் போதாமல் 2021 நவம்பரில் கடைச்சங்கம். அதற்குப் பெயர்தான் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி. பாண்டியனின் முதலிரண்டு சங்கங்களைக் கடல் கொண்டது; கனடாவின் முதலிரண்டையும் நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கைகள் கொண்டன. மூன்று சங்கத்திலும் விசா அண்ணை அரங்கேறவில்லை. ஆனால் மூன்று சங்க காலத்திலும் அதே மேசையில் இருந்தார்.

அவரிடம் போகிறவர்கள் விசாரிக்காமல் போகிறார்கள் என்று சொன்னால் பாவம். நம்மவர்கள் அக்குவேறு ஆணிவேறாக விசாரிப்பார்கள். எந்த ஊர், ஊரில் எந்தக் குறிச்சி, எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மகன், எங்கே கலியாணம் செய்தவர், தமக்கையை லண்டனில் யாருக்குக் கொடுத்தது என்று மூன்று தலைமுறை தோண்டி எடுத்துவிடுவார்கள். குளியலறைக் குழாய் ஒழுகினால் வருகிற பிளம்பரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கிற அதே வாய், அம்மாவின் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்கும்போது மட்டும், “நீங்கள் எங்கட வல்லிபுரத்தாரின்ர பேரன் எல்லோ?” என்று கேட்கும்.

எல்லா விசாரணைக்கும் மேலே ஒரு சான்றிதழ் உண்டு: “அவர் கைராசிக்காரர்.” விசா கிடைத்தவர்கள் கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் அவரைப் பற்றிப் பேசுவார்கள். கிடைக்காதவர்கள் வெட்கத்தில் வாய் திறப்பதில்லை. ஆகவே ஊரில் உலாவுவதெல்லாம் வெற்றிக் கதை. தோற்றாலும் காரணம் தயார்: “ரூலை மாத்திப்போட்டாங்கள்.” இது பல வேளை உண்மையும்கூட. நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு 50 புள்ளி உண்டென்று, கடிதம் ‘எடுத்துத் தருகிற’ இடங்களை அவர் காட்டிக்கொண்டிருந்தார். 2025 மார்ச் 25இல் அரசாங்கம் அந்தப் புள்ளிகளையே எடுத்துவிட்டது. விசா அண்ணை அசரவில்லை. மறுநாளே, “புள்ளிக்கு இனிப் பிரெஞ்சுதான். எல்லாரும் பிரெஞ்சு படியுங்கோ” என்று அறிவித்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘பொன்ஜூர்’.

அவரை ஒரே ஒருமுறை தடுமாற வைத்தவள் ஒரு மருமகள். மருந்துக்கடையில் வேலை, குப்பியில் உள்ள சிறிய எழுத்தை வாசித்துப் பழகிய கண். கோப்பாயில் இருக்கிற மாமியை, பெற்றோர் வந்து நீண்டகாலம் தங்குவதற்கான சூப்பர் விசாவில் கூப்பிட வேண்டும். வீட்டில் இருக்கிற பெரியம்மா விசா அண்ணையை வரவழைத்து, தட்டு நிறைய வடையும் வைத்துவிட்டார்.

“அண்ணை, உங்கட லைசென்ஸ் நம்பர் என்ன?” என்றாள் மருமகள்.

விசா அண்ணை சிரித்தபடி பர்ஸைத் திறந்து, ஒன்றாரியோ சாரதி அனுமதிப் பத்திரத்தை மேசையில் வைத்தார். “முப்பது வருசமா ஓடுறன் பிள்ளை. ஒரு டிக்கெட் இல்லை.”

“இதில்லை. காலேஜ் லைசென்ஸ். ஆர் எண்ட எழுத்தில தொடங்கி ஆறு இலக்கம் வரும்.”

“காலேஜுக்குப் போற வயசே எனக்கு?” என்று பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மருமகள் போனில் கல்லூரியின் பொதுப் பதிவேட்டைத் திறந்து, அவரிடமே பெயரைக் கேட்டு எழுதினாள். ஒன்றும் வரவில்லை. “எங்கட தமிழ்ப் பேரை அவையளுக்கு எழுதத் தெரியாது” என்றார். வேறு எழுத்துக்கூட்டலிலும் தேடினாள், அப்போதும் இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “எனக்குத் தெரிஞ்ச ஒராளிட்டை லைசென்ஸ் இருக்கு. அவற்ற நம்பரைப் போடுவம்” என்றார். நம்பரின் சொந்தக்காரர் உங்கள் முகத்தையே பார்த்திராத ஏற்பாடு அது. அந்த ஆளின் பெயரைத் தட்டினால் ‘இடைநிறுத்தம்’ என்று வந்தது. “அது லீவில நிக்கிறார்” என்றார் விசா அண்ணை.

இவ்வளவோடு விட்டிருந்தாலும் பெரியம்மா அவர் பக்கம்தான். அடுத்த கேள்வியில்தான் வடை தொண்டையில் சிக்கியது. எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா என்று படிவம் கேட்கிறது. மாமிக்கு லண்டன் விசா ஒருமுறை மறுக்கப்பட்டது. “இல்லை எண்டு போடுவம். லண்டன்காரன் சொன்னது கனடாக்காரனுக்கு என்னெண்டு தெரியும்?”

தெரியும். இரண்டு நாடுகளும் விண்ணப்பதாரரின் கைரேகையை வைத்துத் தகவல் மாற்றிக்கொள்பவை. கைரேகைக்கு முன்னால் எந்தக் கைராசியும் எடுபடாது. பொய் பிடிபட்டால் 5 ஆண்டுக்குக் கனடாவுக்குள் வரத் தடை. அதுவும் கையெழுத்து வைத்த மாமிக்கு. கோப்பிக்கடை மேசையில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. அவர் பெயர்தான் எங்கும் இல்லையே.

மருமகள் வேறொரு ஆலோசகரைப் பிடித்தாள். பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் சின்ன அறை. பதிவேட்டில் பெயர் இருந்தது. நிலை நடப்பில் என்றும் இருந்தது. மாணவர் அலுவல் மட்டும் பார்க்கிற வகை லைசென்ஸ் அல்ல என்பதையும் அவள் பார்த்துக்கொண்டாள். வேலை தொடங்க முன்னர் எழுத்தில் ஒப்பந்தம். அதில் என்ன செய்வார், எவ்வளவு கட்டணம், அரசாங்கக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாக. விண்ணப்பப் படிவம் இலவசம்தான், விரும்பினால் நீங்களே போடலாம், ஆலோசகர் வைத்தவருக்கென்று அரசாங்கம் தனிச் சலுகை காட்டாது என்பதையும் அவரே சொன்னார். கூடப் போன பெரியம்மா பொறுமையிழந்து கேட்டார்: “விசா கிடைக்குமோ கிடையாதோ?”

“உறுதி சொல்ல ஏலாது அம்மா. சொல்லவும் கூடாது.” ஆலோசகர் ஒழுக்கக் கோவையே வெற்றிக்கு உத்தரவாதம் கொடுப்பதைத் தடுக்கிறது.

படியிறங்கும்போதே பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “தன்ர தொழிலில தனக்கே நம்பிக்கை இல்லாத பிள்ளை. விசா அண்ணை எண்டால் நூறு வீதம் எண்டு சொல்லியிருப்பார்.”

லண்டன் மறுப்பு விண்ணப்பத்தில் உள்ளபடி எழுதப்பட்டது; மறுப்புக் கடிதமும் விளக்கமும் இணைக்கப்பட்டன. மகனின் வருமானச் சான்று, ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி, வைத்தியப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காகப் போயின. விசா வந்தது. மாமி ஒரேயடியாக 5 ஆண்டு வரை தங்கலாம்.

வீட்டில் பால் பொங்கியது. மருமகள் ஆலோசகருக்கு நன்றி சொல்ல போனை எடுத்தபோது பெரியம்மா குறுக்கே விழுந்தார். “முதலிலை விசா அண்ணைக்கு எடு. அவர் அண்டைக்கு வந்து அந்தப் பைலைத் தொட்டவர் எல்லோ? கைராசி அவற்ற. மிச்சமெல்லாம் சும்மா பேப்பர் வேலை.”

விசா அண்ணை மறுக்கவில்லை. “தொடேக்கையே எனக்குத் தெரியும் அக்கா” என்றார். கோப்பிக்கடை மேசையில் அது அவருடைய வெற்றிக் கணக்கில் சேர்ந்தது. அந்தக் கதையைக் கேட்டு அடுத்த கிழமையே இரண்டு குடும்பம் வந்து உட்கார்ந்தது. பெரியம்மா கலியாணக் காட் உறை ஒன்றில் ஐம்பது டொலர் வைத்துக் கொடுத்தனுப்பினார். அதற்கும் ரசீது இல்லை.