மொய்யும் டோக்கனும்

கேள்வி: சிதம்பரம் அண்ணாமலைநகரில் 9,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு ஒரு மாத வாடகையை டோக்கனாகக் கொடுத்தேன். மாற்றல் ரத்தானதால் பத்தாம் நாளே வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் 'டோக்கன் திரும்பாது' என்கிறார். நியாயமா? – ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மொய்யே திரும்பி வருகிற ஊரில் டோக்கன் மட்டும் திரும்பாதா? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவு, பேச்சை முறித்தவரிடம் நியாயமான இழப்பீடுதான் கேட்க விடுகிறது. எழுதிவைத்த தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவே. 1963இல் பத்தே சந்த் வழக்கில், 1,12,500 ரூபாய் பேசிய டெல்லிச் சொத்துக்கு வாங்கிய 25,000இல் முன்பணம் 1,000 போக மிச்சத்தை விற்றவர் அமுக்கிக்கொள்ள உச்ச நீதிமன்றம் விடவில்லை. 2015இல் கைலாஷ் நாத் தீர்ப்பு இன்னும் கறார்: நஷ்டமே இல்லையென்றால் பறிமுதலும் இல்லை.

'உங்களுக்காக நாலு பேரைத் திருப்பி அனுப்பினேனே' என்பார். உண்மைதான். பத்து நாள் வீட்டை முடக்கினீர்கள்; நாளுக்கு 300 வீதம் 3,000 அவருக்குச் சேரட்டும். அதன்பின் வேறு ஆள் தேடுவது அவர் பாடு. பல்கலைக்கழகம் திறக்கும் பருவத்தில் அண்ணாமலைநகர் வீடு காலியாகவே கிடந்தது என்றால் கொஞ்சம் விளக்கவும் வேண்டும். 'திருப்பித் தந்தால் ஆளாளுக்குப் பத்து வீட்டில் டோக்கன் போடுவார்களே' என்பது வலுவான வாதம். ஆனால் அதற்கு மருந்து, எத்தனை நாள் பிடித்துவைப்பது, விலகினால் எவ்வளவு பிடிப்பது என்று பணம் வாங்கும்போதே எழுதுவது. வாங்கிய பிறகு விதி சொல்வதல்ல. 6,000 கேட்டுப் பேசிப் பாருங்கள். கோர்ட்டுக்குப் போனால் வக்கீலுக்கும் ஒரு டோக்கன் வைக்க வேண்டிவரும்.