துலாவும் சுடுதண்ணீர்ப் பம்பும்

மார்கழி விடியலில் தெல்லிப்பழைக் கிணற்றில் அள்ளிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பி, பனியில் நடுங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனவர்களுக்கு இது தெரியும். முதல் வாளி தலையில் விழுந்ததும் நடுக்கம் நின்றுவிடும். சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கும் நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 பாகையில் நிற்கிறது. வெளியே காற்று 22க்கு இறங்கும்போது அது சூடு. சித்திரை வெயிலில் அதே தண்ணீர் குளிர்ச்சி. விறகும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

வேண்டியது கை ஒன்றுதான். எங்கள் வளவில் துலா இருந்தது. தோட்டத்துக்கு இறைக்கும் நாளில் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். அப்பு கிணற்றுக் கட்டில் நின்று பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். இன்னொருவர் வாய்க்காலோடு போய்ப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். துலாக்கொடி உரசி உரசி அப்புவின் உள்ளங்கை காய்ப்பேறிக் கிடந்தது. அந்தக் கையால் முகத்தைத் தடவினால் கீறும். ஒவ்வொரு பட்டைத் தண்ணீரும் எவருடைய தோளிலிருந்து வந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எதுவும் வீணாகாது. குளித்த தண்ணீர் வாழைக்கு, அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு.

மண்ணெண்ணெய் மோட்டர் வந்தது, தோட்டத்துத் துலாக்கள் ஓய்ந்தன. 1990 ஆனியில் போரால் ஊரே எழும்பி ஓடியது. எங்கள் ஊர் உள்ள வலிகாமம் வடக்கு இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாகி, காணிகள் பகுதி பகுதியாகத் திரும்பி வர இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. நாங்கள் திரும்பிப் போனபோது துலாவைத் தாங்கிய ஆடுகால் நின்ற இடத்தில் பற்றை. கிணற்றுக்குள் இடிந்த சுவரும் ஓடும்.

ரொறன்ரோவிலிருந்து வந்த அக்கா அந்தக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, பக்கத்தில் புது வீடு எழுப்பினா. மோட்டர், உயரத்தில் கறுப்புத் தாங்கி, வீட்டுக்குள்ளேயே குளியலறை. அம்மாவுக்குக் கிணற்றடிக்கு நடக்க முடியாத வயது, அதற்காகவே எல்லாம். ஆனால் இரவு முழுவதும் பனிக்காற்றில் நின்ற தாங்கித் தண்ணீர் விடியற்காலையில் உடம்பைக் கொத்தியது. மத்தியானம் அதே குழாயில் கை வைக்க முடியாத சூடு. நிலம் தந்த மிதமான சூட்டை மேலே ஏற்றி இழந்துவிட்டு, அதைத் திரும்பப் பெறக் கூரையில் சோலார் ஹீட்டர் பூட்ட வேண்டியதாயிற்று. ஹீட்டரோ வீட்டின் ஒரு அந்தத்தில், அம்மாவின் குளியலறை மறு அந்தத்தில்.

“பிள்ளை, உந்தக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணியல்லோ வருது” என்பா அம்மா. சுடுதண்ணீர் வந்து சேரும்வரை திறந்துவிட்டபடி காத்திருப்பா. முக்கால் அங்குலக் குழாயில் ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் நிற்கும். 20 மீற்றர் என்றால் 6 லீற்றர். குழாயே சூடேற வேண்டும் என்பதால் ஓடிப்போவது அதற்கும் மேல். ஒவ்வொரு தடவையும் அரை வாளிக்கு மேல் நல்ல தண்ணீர், ஒரு வாழையையும் தொடாமல் கழிவுக் குழிக்குள் போனது.

குழாய் வேலை செய்யும் பொடியன்தான் வழி சொன்னான். “அண்ணை, திரும்பி வாற லைன் ஒண்டு இழுத்து, சின்னப் பம்ப் ஒண்டு போடுவம். ஆறின தண்ணி ஹீட்டருக்கே திரும்பிப் போகும். கீழ ஊத்தத் தேவையில்லை.” குளியலறையில் ஒரு சுவிச். அழுத்தினால் பம்ப் ஓடும். குழாயில் ஆறிக் கிடந்த தண்ணீர் ஹீட்டருக்குப் போகும், சூடு இந்த முனைக்கு வந்ததும் பம்ப் நின்றுவிடும். திரும்பு குழாயில் செக் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் குளிர்நீர் அந்த வழியாகப் புகுந்து சுடுநீரோடு கலந்துவிடும். பம்பின் உடல் வெண்கலமாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்க வேண்டும், வார்ப்பிரும்பு குளிக்கும் தண்ணீரில் கறள் கட்டும். சாதாரண பிவிசி குழாய் 60 பாகைச் சூட்டைத் தாங்காது, சிபிவிசி போட வேண்டும். பம்பை இரவு பகலாக ஓடவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வெயில் சேர்த்துத் தந்த சூடெல்லாம் குழாய்ச் சுவர் வழியே கரைந்துபோகும்.

எங்கள் தண்ணீரின் குணம் ஒன்றுண்டு. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு ஹீட்டரிலும் படியும், சூடு கூடக்கூட விரைவாக. வால்வும் பம்பும் கழற்றிக் கழுவக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

இத்தனை பாடு ஆறு லீற்றருக்கா என்று கேட்பவர்களுக்கு நான் யாழ்ப்பாணக் குடாநாட்டைத்தான் காட்டுவேன். வற்றாத ஆறு இங்கே ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீராய் மிதக்கிறது. அவ்வளவுதான் எங்கள் கையிருப்பு. இறைக்க இறைக்க ஊறும் என்பது துலாவுக்குப் பொருந்திய பேச்சு. மோட்டருக்கு உப்புத்தான் ஊறும். தோட்டத்து உரமும் கழிவுக் குழிகளும் நைத்திரேற்றைக் கிணறுகளில் சேர்த்துவிட்டன. பக்கத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததற்காக, மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2024இல் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டிருக்கிறது. கடலை வடிகட்டிக் குடிக்கும் நிலைக்கு வந்தபின் கிணற்று நீரைக் குழிக்குள் விடுவது அநியாயம்.

துலாக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்புவின் கையைப் பார்த்தவன் அப்படிக் கேட்கமாட்டான். ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: தரைக்கு மாபிள் பதிக்குமுன் திரும்பு குழாயை இழுத்துவிடுங்கள், பின்னர் உடைத்துப் போடுவது பெருஞ்செலவு. மலக்குழியைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தள்ளி வையுங்கள். குளியலறைத் தண்ணீரை அதற்குள் விடாமல் தனிக் குழாயில் வாழைக்குத் திருப்புங்கள்.