சந்தா கட்டிவிட்டுச் சலித்துக்கொள்பவர்

குற்றாலத்தில் சீசன் எப்படி என்று கேட்டு, பக்கத்து இலஞ்சிக்காரர் ஒருவரிடமிருந்து "ரொம்ப நல்லா இருக்கு" என்ற பதிலை வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டி, குளிக்கத் தடை போட்டிருக்கும் நாளிலும், "முன்ன மாதிரி சாரல் எங்கவே இருக்கு?" என்றுதான் பேச்சு தொடங்கும். சொல்கிறவர் தோளில் ஒரு துண்டு கிடக்கும். தடையை எப்போது எடுப்பார்கள் என்று பார்க்கத்தான் அவரே கிளம்பிக்கொண்டிருப்பார். வாய் சொல்வதை விட்டுவிட்டுத் தோளில் கிடப்பதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு, இன்னொரு வகை மனிதரையும் புரிந்துகொள்வது எளிது. இன்னும் அச்சுக்கே போகாத புத்தகத்தைப் பற்றி இப்போதே ஏமாந்துபோகிற காமிக்ஸ் ரசிகரைத்தான் சொல்கிறேன். ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதுக்குக் குறையாது. பீரோவில் வேட்டிக்கு இடமிருக்காது.

அண்ணாச்சியின் தலைநகரம் சிவகாசி. இலஞ்சியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கிருந்துதான் 1972-இல் முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது. 1984-இல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. இடையில் தடுமாறி, 2012-க்குப் பிறகு இரண்டும் வண்ணத்திலும் வழவழப்புத் தாளிலும் புது வாழ்வு பெற்றன. ஆண்டுக்கு ஒருமுறை, அடுத்த வருடம் என்னென்ன வரும் என்று ஓர் அட்டவணை வெளியாகும். அண்ணாச்சிக்குத் தீபாவளி அன்றைக்குத்தான். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் கதைகள் கூடுதலாக இருந்தால், "வேற ஆளே கிடைக்கலையா?" குறைவாக இருந்தால், "டெக்ஸ் இல்லாம என்னவே வருசம்?" மாயாவி மறுபதிப்பு இருந்தால் பழைய சோறு, இல்லாவிட்டால் நன்றி மறந்த செயல். குண்டு புத்தகம் என்றால் விலை கூடிப்போச்சு, ஒல்லிப் புத்தகம் என்றால் கை நிறையவில்லை. கிராபிக் நாவல் என்றால் அழுகாச்சி, கார்ட்டூன் என்றால் சின்னப்பிள்ளைச் சமாச்சாரம். இத்தனை தீர்ப்பையும் அவர் வழங்குவது பெயரையும் அட்டைப்படத்தையும் மட்டும் வைத்து. குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயரின் குறத்திக்குக் குறி சொல்ல நாயகி வசந்தவல்லியின் கையாவது நேரில் கிடைத்தது. அண்ணாச்சிக்கு அதுவும் தேவைப்படுவதில்லை.

இவர் வெறும் குறைக்குடுக்கை, ரசனைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் கேட்பவர் துண்டைக் கவனிக்கவில்லை. அட்டவணையைக் கிழிகிழியென்று கிழித்த கையோடு முழு ஆண்டுச் சந்தாவை முதலில் கட்டுகிறவர் இவர்தான். ‘இரத்தப் படலம்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நினைவுகளை இழந்த ஒருவன் தான் யாரென்று தேடி அலையும் பெல்ஜியத் தொடர். அதன் 18 பாகங்கள் ஒரே புத்தகமாக, கருப்பு வெள்ளையில், 2010-இல் வந்தன. கதாநாயகனுக்குத்தான் எல்லாம் மறந்துபோயிற்றே தவிர, அண்ணாச்சி எதையும் மறக்கவில்லை. எந்தப் பக்கத்தில் எழுத்து பொடியாக இருந்தது, எந்தப் படம் மங்கிப்போனது என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதே கதை 2018-இல் வண்ணத்தில் வந்தபோது, ஏற்கெனவே வீட்டில் இருக்கிற கதைக்கு மறுபடியும் பணம் கட்டினார். குறை சொல்லி முடித்த பொருளை இரண்டாம் முறையும் காசு கொடுத்து வாங்கும் ஆளை வேறெந்த வியாபாரத்தில் பார்க்க முடியும்? முன்பதிவுக் கணக்கை நம்பி அச்சடிக்கிற சின்னத் தொழிலில் இந்தப் புலம்பல் ஒருவகை உரத் தொட்டி. நாற்றம் இருக்கும், வயல் விளைவதும் அதனால்தான். இலஞ்சியில் இதை விளக்கத் தேவையில்லை.

இந்த இனம் தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் பாத்திரங்களாக மாறி, பகடை உருட்டி ஆடுவது. மறு ஆண்டே ‘கிரேஹாக்’ என்ற துணைநூல் வந்து, திருடன் என்ற பாத்திர வகையைப் புதிதாகச் சேர்த்தது. அன்றிலிருந்து ஐம்பது வருடமாக, அடுத்த துணைநூல் அறிவிக்கப்படும்போதெல்லாம் அந்த ஊர் அண்ணாச்சிகள் விளையாட்டு செத்துப்போனதாக அறிவித்து, காரியம் முடிந்ததும் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். நம் வாதத்துக்கு எதிர்ச்சாட்சியும் அங்கேயே இருக்கிறது. 2023 ஜனவரியில் அந்த விளையாட்டை இப்போது வெளியிடும் நிறுவனம், அதன் விதிகளைப் பிறர் பயன்படுத்துவதற்கான உரிமத்தை மாற்றப் போகிறது என்ற செய்தி கசிந்தபோது, ரசிகர்கள் திட்டியதோடு நிற்காமல் தங்கள் இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம் என்று பொது உரிமத்தில் விட்டுவிட்டது. ஆக, கோபம் வேறு, சலிப்பு வேறு. கோபக்காரர் சந்தாவை நிறுத்துவார். சலித்துக்கொள்பவர் சந்தா ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு பேசுவார். பதிப்பாளர் பயப்பட வேண்டியது முதல் ஆளுக்கு. அதைவிடவும், ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்துவிட்டுப் போகிறவருக்கு.

வாசகனுக்கு வாசிப்பதோடு வேலை முடிந்தது, எது வரவேண்டும் என்று சொல்ல இவர் யார் என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. இதை வேறெங்கு சொன்னாலும் சொல்லலாம், குற்றாலச் சுற்றுவட்டாரத்தில் சொல்லக்கூடாது. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் கழித்த பூமி இது. இதெல்லாம் கம்பன் பாடியிருக்க மாட்டான் என்று ஆயிரக்கணக்கான பாடல்களை ஒதுக்கி வைத்து, சொற்களையும் தம் செவிக்கு ஏற்பத் திருத்தி, ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று பதிப்பித்தவர் அவர். பண்டிதர்கள் கொதித்தார்கள், ஊர் அவரை ரசிகமணி என்றே அழைத்தது. கம்பனையே திருத்தலாம் என்றால் டெக்ஸ் வில்லருக்கு அட்டைப்படம் சரியில்லை என்று சொல்லக்கூடாதா? (டி.கே.சி. மூலத்தைப் படித்துவிட்டுத் திருத்தினார் என்ற சின்ன வித்தியாசத்தை அண்ணாச்சி பொருட்படுத்த மாட்டார்.) இந்த வயதில் பொம்மைப் புத்தகமா என்று வீட்டில் கேட்பதை ஆட்சேபமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது வாரத்துக்கு ஒருமுறை கேட்கப்பட்டு, பதில் இல்லாமலேயே தீர்ந்துபோகிறது.

உண்மையில் அண்ணாச்சிக்கு வராத புத்தகம்தான் முழுப் புத்தகம். அது வரும்வரை அவரும் அதற்கு ஓர் ஆசிரியர். கதையை நீட்டலாம், அட்டையை மாற்றலாம், மொழிபெயர்ப்பில் இருக்கப்போகும் பிழைகளை முன்கூட்டியே திருத்தலாம். வந்துவிட்டால் வெறும் வாசகர். அதனால்தான் கொரியர் பெட்டி வந்து சேர்ந்ததும் ஒரு சின்ன வாட்டம் தெரிகிறது. பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். பிளேடால் பக்குவமாகக் கீறி, புத்தகத்தை எடுத்து, நடுப்பக்கத்தைப் பிரித்து மை வாசனையை முகர்கிறார். பிறகு முதல் பக்கத்துக்குப் போகாமல், ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுகிறார். கண்டுபிடித்ததும் முகம் தெளிகிறது.

"இதையா போடப்போறாங்க?"