கேள்வி கேட்ட தோழர்கள்

1984இல் எங்கள் நாரந்தனையிலிருந்து ஆயுதப் பயிற்சிக்கென்று இந்தியாவுக்கு வள்ளமேறிய பெடியளில், எனக்குத் தெரிந்த ஒருவரும் தங்கள் தலைவரை நேரில் கண்டதில்லை. பெயர் தெரியும். துண்டுப் பிரசுரம் ஒன்றிலே படம் பார்த்திருப்பார்கள். 83 ஜூலைத் தமிழர் படுகொலைகளுக்குப் பிறகு அந்த அளவே போதுமாக இருந்தது. எந்த இயக்கம் என்பதைப் பல வேளைகளில் கொள்கை தீர்மானிக்கவில்லை. யார் முதலில் வந்து பேசினார்கள், எந்த ஓட்டி எந்த இரவில் கரைக்கு வரச் சொன்னான் என்பவை தீர்மானித்தன.

அப்படிப் போனவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வளவு அண்ணை. அவர் இருந்த இயக்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர் சொன்னது ஒரு இயக்கத்தின் கதை மட்டுமல்ல.

இரண்டு வருடம் கழித்து மெலிந்து கறுத்துத் திரும்பி வந்தார். கன நாள் வாயே திறக்கவில்லை. ஒருநாள் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னார். முகாமில் கட்டைத் துவக்கோடுதான் பயிற்சி. காலையில் ஓட்டம், பிறகு வகுப்பு, இரவில் சென்றி. மாதங்கள் போயின, உண்மையான துவக்கு வரவில்லை. தலைமையிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து கூட்டம் வைத்தார். வன்னிப் பக்கத்துப் பெடியன் ஒருவன் எழும்பி, “தோழர், ஆயுதம் எப்ப வரும்?” என்று கேட்டான். வந்தவர் சிரித்தார். நல்ல கேள்வி என்றார்.

“அடுத்தநாள் சாப்பாட்டு வரிசையில அவன்ர கோப்பை மட்டும் இருந்தது. ஆளில்ல. ஒருத்தரும் கேக்கேல்ல. சமையல்காரர் அந்தக் கோப்பையை எடுத்துக் கழுவிக் கவிட்டு வைச்சார்.”

“பிறகும் ஏன் அண்ணை அங்க நிண்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“தலைமைக்காக நிக்கேல்லயடா தம்பி. பக்கத்துப் பாயில படுத்தவனுக்காக நிண்டனாங்கள். நான் வெளிக்கிட்டால் அவனைத்தானே விசாரிப்பாங்கள்.”

மதிப்பிழந்த தலைமை எதில் நிலைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எவரும் சொன்னதில்லை. தோழனில் வைத்த அன்பையே அது பிணையாக வைத்திருந்தது. பயமும் மரியாதையும் அணிவகுப்பில் ஒரே மாதிரித்தான் நிமிர்ந்து நிற்கும். வெளியாருக்கு வித்தியாசம் தெரியாது.

உள்ளே நடந்ததை அந்தக் காலத்திலேயே எழுதிவைத்தவர் கோவிந்தன். தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தில், ஊர் வழக்கில் புளொட்டில், இருந்தவர். தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டைச் சுற்றி அதன் முகாம்கள் இருந்தன. தலைவர் உமாமகேஸ்வரன் நில அளவையாளராக வேலை பார்த்தவர், படித்தவர். அவருடைய இயக்கத்தின் முகாம்களில், கேள்வி கேட்டவர்கள் உளவாளிகள் என்று பட்டம் சூட்டப்பட்டு வதைக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். மூத்த உறுப்பினர் சந்ததியாரே 1985இல் கொல்லப்பட்டார். அதே வருடம் பிரிந்து வெளியேறியவர்கள் ‘தீப்பொறி’ என்ற பெயரில் இயங்கினார்கள். கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ நாவலும் அந்த வருடமே வெளிவந்தது. பின்னாளில் கோவிந்தனை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. ஒரு இயக்கத்தில் கேட்ட கேள்விக்கு இன்னொரு இயக்கம் தண்டனை கொடுத்ததுபோல முடிந்தது அவர் வாழ்வு.

வெளியேற முடியாமல் எஞ்சியவர்களுக்கு என்ன நடந்தது? 1988 நவம்பர் 3ஆம் திகதி, புளொட்டைச் சேர்ந்த ஏறத்தாழ எண்பது பேர் மாலைதீவின் தலைநகர் மாலேயில் இறங்கினார்கள். அப்துல்லா லுத்துஃபி என்ற மாலைதீவு வர்த்தகருக்காக, ஜனாதிபதி கயூமின் அரசைக் கவிழ்ப்பதே வேலை. அன்றிரவே ஆக்ராவிலிருந்து இந்தியப் பரசூட் படை பறந்து வந்தது. பணயக் கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களை இந்தியக் கடற்படை நடுக்கடலில் மறித்துப் பிடித்தது. பிடிபட்டவர்கள் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஈழம் காணப் புறப்பட்ட பிள்ளைகள் எந்தப் பகையுமில்லாத ஒரு தீவின் சிறையில் கிடந்தார்கள். அடுத்த வருடம் ஜூலையில் உமாமகேஸ்வரன் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது அவருடைய ஆட்களே என்றுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேள்விக்கு இடம் வைக்காத தலைமையை நோக்கிக் கடைசியில் துவக்குத்தான் பேசியது.

அதிகாரியை மதிக்காத சிப்பாய் எங்கும் இருந்திருக்கிறான். 1942 மே மாதம், கொக்கோஸ் தீவில் பிரித்தானியருக்காகக் காவல் நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர், கிரேஷன் பெர்னாண்டோ தலைமையில் தங்கள் கப்டன் கார்டினருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். முறியடிக்கப்பட்டார்கள். பெர்னாண்டோவையும் இன்னும் இருவரையும் அந்த ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். கொடுமைதான். ஆனாலும் அங்கே ஒரு இராணுவ நீதிமன்றம் கூடியது. குற்றம் என்னவென்று வாசிக்கப்பட்டது. மூவரின் பெயரும் இறந்த நாளும் ஏட்டில் இருக்கின்றன. அந்நியன் தன் எதிரிக்குக் கொடுத்த அந்தக் குறைந்தபட்சத்தைக்கூட, எங்கள் முகாம்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

இன்று அண்ணைக்கு அறுபது தாண்டிவிட்டது. தொண்ணூறில் தொடங்கிய இடப்பெயர்வுகளில் ஊரே காலியாகி, பாதிப் பேர் கனடா, பிரான்ஸ் என்று போன பிறகும் திரும்பி வந்து குடியிருப்பவர். சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டம் என்றால் முன்வரிசையில் இருப்பார். போன கூட்டத்தில் தண்ணீர்த் தாங்கி திருத்திய கணக்கு வாசித்தார்கள். அண்ணை எழும்பினார். “குழாய்க்குப் போட்ட காசுக்குப் பற்றுச்சீட்டு எங்க?” பின்னால் சிலர் சலித்துக்கொண்டார்கள். செயலாளர் இருபத்தைந்து வயதுப் பெடியன். முகம் கோணாமல் கோவையைத் திறந்து, பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினான். அண்ணை கண்ணாடியைப் போட்டு வாசித்து, “சரி, சந்தோசம்” என்று இருந்தார். கூட்டம் தொடர்ந்தது.

ஒரு முழு விடுதலை இயக்கத்தால் தர முடியாததை அந்தச் சின்ன மண்டபம் தந்தது. அந்தப் பெடியனை ஊர் மதிப்பது அவன் பதவிக்காக அல்ல. கேட்டால் கோபப்படாமல் காட்டுவான் என்பதற்காக.

இன்று இயக்கங்களிற் சில கட்சிகளாகிவிட்டன. வீரமக்களுக்கு விளக்கேற்றுகிறார்கள்; அது வேண்டியதுதான். ஆனால் அந்த வரிசையில் சாப்பாட்டுக் கோப்பை மட்டும் மிஞ்சிப்போன பெடியன் இல்லை. அரசு கொண்டுபோன பிள்ளையின் தாய் பந்தல் போட்டு வருடக்கணக்காகத் தெருவில் இருக்கிறாள். அவளுக்காவது யாரைக் கேட்பதென்று தெரியும். தன் இயக்கமே கொன்ற பிள்ளையின் தாய் எந்தப் பந்தலில் போய் இருப்பாள்? துரோகியின் தாய் என்ற பெயருக்குப் பயந்து அழாமலே செத்துப்போன தாய்மாரும் இருக்கிறார்கள்.

முகாம்களில் பொறுப்பாக இருந்தவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்; பேரப்பிள்ளைகள் கண்டவர்கள். யாரைக் கொன்றோம், எங்கே புதைத்தோம், என்ன குற்றம் சாட்டினோம் என்று அவர்கள் எழுதித்தர வேண்டும். தண்டனைக்காகக் கேட்கவில்லை. ஆயுதம் எப்போது வரும் என்று கேட்டவன் துரோகியல்ல என்று அவன் வீட்டாருக்குச் சொல்ல, அவர்களை விட்டால் வேறு சாட்சி இல்லை.