டிரம் பக்கத்தில் நில்லுங்கள்!

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டைத் தொழிற்சாலையோடு சேர்ந்து செய்யச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் அப்படி என்ன இருக்கிறது?
– பொறியியல் மாணவர், ஆம்பூர்

பதில்: பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? தோல் பதனிடும் கூடத்துக்குள் போய் டிரம் பக்கத்தில் நில்லுங்கள். சுற்றி ஓய்ந்து கதவைத் திறந்ததும் நீலத் தோலோடு நீலத் தண்ணீரும் கொட்டும். வழக்கமான முறையில், தோலைப் பதனிடப் போட்ட குரோமியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் அந்தத் தண்ணீரோடு போகிறது. உங்கள் புராஜெக்ட் காலடியில்தான் ஓடுகிறது! கெமிக்கல், சிவில், மெக்கானிக்கல் மூவருக்கும் அதில் வேலை உண்டு.

மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது, இந்தத் தோல் ஆலைக் கழிவுநீரை எதிர்த்து வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான். அந்தக் கழிவைக் குறைக்க அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தண்ணீரே சேர்க்காமல் குரோமியம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்து ஆலைகளுக்கும் கொண்டுபோனது. ஆய்வுக்கூடமும் ஆலையும் கைகோத்தால் இதுதான் பலன். காசு கொடுத்து வாங்கும் ரெடிமேட் புராஜெக்டுக்கு மார்க் விழலாம், வேலை தெரியாது.

ஆலை முதலாளிகளே, வருகிற பிள்ளைகளுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சுற்றிக் காட்டியதோடு அனுப்பிவிடாதீர்கள். கழிவுநீர்க் கணக்கு நோட்டையும் பிரித்துக் காட்டுங்கள்.